நெருப்புக்கும் கணக்கு வேண்டும்

வியாபாரம் செய்கின்ற நாம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குகின்றோம். மா மூடை வந்தால் தராசில் வைக்கின்றோம். சீனி, மாஜரின், ஈஸ்ட் எல்லாவற்றுக்கும் கொப்பியில் கணக்கு உண்டு. ஆனால் பேக்கரி வைத்திருப்பவர்களிடம், “இன்றைக்கு எரித்த விறகு எவ்வளவு, அது தந்த சூடு எவ்வளவு, அதில் பாணுக்குள் போனது எவ்வளவு, புகைபோக்கி வழியாக வெளியில் போனது எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது. நானும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தேன். நெருப்பு விடயத்தில் கணக்குப் பார்க்காததால் நான் பட்ட நட்டத்தையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். பேக்கரிக்காரர்கள் மட்டுமன்றி, ஹோட்டல் அடுப்பு வைத்திருப்பவர்களும் விறகு எரிக்கின்ற எவரும் இதனை வாசிக்கலாம்.

எமது பேக்கரியின் செங்கல் போறணை வாப்பா காலத்தில் கட்டியது. அதனைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் எல்லோரும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் வெப்பமானி இருக்கவில்லை. போறணைத் தரையில் ஒரு பிடி மா தூவி, அது நிறம் மாறும் வரை வாய்க்குள் எண்ணுவார். எண்ணிக்கை அவருக்குப் பிடித்தால் பாணை ஏற்றச் சொல்வார், பிடிக்காவிட்டால் கதவை மூடிவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கப் போவார். அவர் சுட்ட பாண் கருகியதாக எனக்கு ஞாபகமில்லை. பிற்காலத்தில் நான் காஸ் போறணை வாங்கினேன். நானாவும் வயதாகி வீட்டோடு இருந்துவிட்டார். செங்கல் போறணை வெற்றுப் பெட்டிகள் அடுக்கி வைக்கும் இடமானது.

2022ஆம் ஆண்டு வந்த எரிவாயுத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில் எத்தனையோ பேக்கரிகள் மூடப்பட்டன. நான் பெட்டிகளை வெளியில் எடுத்துப் போட்டுவிட்டு, பழைய போறணைக்கு மீண்டும் நெருப்பு மூட்டினேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் முதல் இரண்டு வாரமும் பாணில் பாதி வெளியே கருகி உள்ளே களியாக இருந்தது. மறு பாதி வெள்ளையாக, கல்லுப்போல் காய்ந்து வந்தது. எல்லோரும் விறகு தேடிய காலம் என்பதால் விறகு விற்றவரும் அன்று வெட்டியதை அன்றே ஏற்றி அனுப்பினார். ஈர விறகு என்று தெரிந்துகொண்டே நானும் இறக்கினேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் செய்தேன். விறகை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, இரவில் காற்றுத் துவாரத்தை அடைத்து, விறகு கனன்றுகொண்டே கிடக்கும்படி விட்டேன். சில வாரங்களின் பின்னர் ஒரு நாள் அதிகாலையில் புகைபோக்கிக்குள் தீப்பற்றிக்கொண்டது. ரயில் வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. கூரைக்கு மேலே நெருப்பு எழுந்தது. பக்கத்துக் கடை புடைவைக் கடை. கதவையும் காற்றுத் துவாரத்தையும் மூடிவிட்டதாலும், அன்று காற்று மறுபக்கம் வீசியதாலும் தப்பினோம். என் கடையில் வேலை செய்த தம்பிக்குக் கையில் சூட்டுக் காயம். அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால் நின்று பதில் சொன்னதை விடவும் எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

மருமகன் வீட்டு அடுப்பு

பின்னர் ஒரு குளிர்காலத்தில் இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்றேன். அவர்களுடைய வீட்டுச் சுவருக்குள் பழைய காலத்துக் குளிர்காயும் அடுப்பு ஒன்று இருக்கின்றது. திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கியோடு போய்விடும் என்பதால், அந்தக் குழிக்குள் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி ஒன்றைச் செருகி, அதற்குள் விறகு எரிக்கின்றார்கள். மருமகன் அதன் முகப்பில் சிறிய வட்ட வெப்பமானி ஒன்றைக் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார்.

வெளியே தனியாக நிற்கும் அடுப்பென்றால் இந்த வெப்பமானியைப் புகைக்குழாயின் மீது ஒட்டுவார்கள். ஒற்றைத் தகட்டுக் குழாயின் மேற்பரப்பு சுமார் 115 பாகை செல்சியஸுக்குக் குறைவாக இருந்தால் தார் படியும், 115 முதல் 245 வரை நல்லது, அதற்கு மேலே போனால் அளவுக்கு மிஞ்சிய சூடு என்று அதன் முகத்திலேயே நிறம் பிரித்திருக்கும். குழாய்க்குள்ளே போகும் புகையின் சூடு வெளித்தகடு காட்டுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கலாம். ஆனால் சுவருக்குள் செருகிய அடுப்பில் குழாயே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மருமகன் கதவுக்கு மேலுள்ள இரும்பில் ஒட்டிவிட்டு, “மாமா, இது காட்டுவது புகையின் சூடு இல்லை. ஆனாலும் தினமும் ஒரே இடத்தில் பார்ப்பதால், நல்லா எரியும்போது எந்த இலக்கம், புகைந்துகொண்டு கிடக்கும்போது எந்த இலக்கம் என்று எனக்குத் தெரியும்” என்றார். சரியான இலக்கம் வேண்டியவர்கள் புகை போகும் வழியில் உணர்கம்பி செருகி, வயர் மூலம் வெளியில் வாசிக்கின்றார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல், 2 கன மீற்றருக்குக் குறைவாக வீட்டுக்கு விற்கும் விறகில் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். வீட்டில் குளிர்காய்வதற்கே இவ்வளவு கணக்கென்றால், விறகை வைத்துப் பிழைப்பு நடத்தும் எனக்கு ஏன் கணக்கில்லை என்று அன்றிரவு யோசித்தேன்.

விறகு எப்படி எரிகின்றது?

விறகு நேரடியாக எரிவதில்லை. முதலில் அதனுள் இருக்கும் தண்ணீர் 100 பாகையளவில் ஆவியாக வேண்டும். அது முடியும் வரை அந்த இடத்தில் சூடு ஏறாது. 200 பாகையைத் தாண்டிய பின்னர் விறகு சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்கும். விறகிலுள்ள சக்தியில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கின்றது. இவை நன்றாக எரிய ஏறத்தாழ 600 பாகைச் சூடும் போதிய காற்றும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கரி தணலாக எரியும்.

சூடு போதாவிட்டாலோ காற்றை அடைத்துவிட்டாலோ அந்த வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. கரும்புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் அனுப்பிய விறகு. நான் காற்றுத் துவாரத்தை அடைத்து மிச்சம் பிடித்த இலட்சணம் அதுதான். அந்தப் புகை, 120 பாகைக்கும் குறைந்த சூட்டிலுள்ள புகைபோக்கிச் சுவரில் படும்போது தாராகப் படிகின்றது. தார் கனமாகப் படிந்த பிறகு ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டினால் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். அப்போது புகைபோக்கிக்குள் 1,000 பாகைக்கு மேலும் சூடு ஏறும்.

ஈரத்தின் விலை

இப்போது வியாபாரிக்குரிய கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ விறகில் 40 வீதம் ஈரம் என்றால், அதில் 60 கிலோதான் மரம், 40 கிலோ தண்ணீர். முற்றாகக் காய்ந்த மரம் ஒரு கிலோ ஏறத்தாழ 18.5 மெகா ஜூல் சூடு தரும். 60 கிலோவுக்கு 1,110. அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 102 போய்விடும். மிச்சம் 1,008. அதே 100 கிலோவில் 20 வீதம்தான் ஈரம் என்றால், 80 கிலோ மரத்துக்கு 1,480. ஆவியாக்கச் செலவு 51. மிச்சம் 1,429. அதாவது ஈர விறகை நிறுத்து வாங்கும்போது, கொடுக்கும் காசுக்குக் கிடைக்க வேண்டிய சூட்டில் ஏறத்தாழ 30 வீதம் குறைகின்றது. அரைகுறையாக எரிந்து புகையாகப் போகும் நட்டம் இதற்குப் புறம்பு.

ஆகவே நிறைக்கு வாங்குபவர் ஈரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு ஊசி கொண்ட ஈரமானி சந்தையில் உண்டு. விறகின் வெளிப்பக்கத்தில் அல்லது வெட்டு முனையில் குத்தினால் அது ஏமாற்றும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டாலும் வழி உண்டு. பிளந்த விறகில் ஒரு துண்டை எடுத்து நிறுத்து, போறணைக்கு மேலே சூடான இடத்தில் நிறை குறைவது நிற்கும் வரை வைத்து, மறுபடியும் நிறுங்கள். 1,000 கிராம் 780 கிராமாக வந்தால் ஈரம் 22 வீதம். இதற்குத் தராசு ஒன்று போதும்.

விறகை வாங்கியவுடன் பிளந்து, நிலத்தில் படாமல் கட்டைகளின் மீது, காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே கூரை போட்டு அடுக்குங்கள். பக்கங்களை றப்பர் சீலையால் முற்றாகப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும். றப்பர் விறகு எமக்கு இலகுவில் கிடைப்பது, நன்றாகவும் எரியும். ஆனால் பூஞ்சணமும் வண்டும் அதனை விரைவில் பிடிக்கும் என்பதால், காய்ந்ததை முதலில் எரித்துப் புதியதைப் பின்னால் அடுக்க வேண்டும். பட்டை உரித்த கறுவாக் கட்டை மெல்லியது, சீக்கிரம் காயும், மூட்டுவதற்கு நல்லது.

ஒரு விடயத்தை வற்புறுத்திச் சொல்கின்றேன். மை பூசிய பழைய கதவு, யன்னல், மருந்தடித்த பலகை, கம்பம் ஆகியவற்றை இலவசமாகக் கிடைத்தாலும் போறணைக்குள் போடாதீர்கள். பழைய மையில் ஈயம் இருக்கலாம். மரம் உக்காமல் இருக்க அடித்த மருந்தில் ஆசனிக்கு இருக்கலாம். அந்தச் சாம்பல் கிடந்த தரையில்தான் நாம் பாணை வைக்கின்றோம்.

எங்கே அளப்பது, எதனால் அளப்பது?

நான் மூன்று இடங்களில் அளக்கின்றேன். ஒன்று போறணைத் தரை, இரண்டு வளைந்த கூரை, மூன்று புகைபோக்கியின் அடி.

தரைக்கும் கூரைக்கும் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி வசதியானது. ஆனால் கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்குப் பிடித்த கருவி இதற்குச் சரிவராது. அது மனிதக் காய்ச்சலை அளப்பது மட்டுமே. 500 பாகை வரையாவது காட்டக்கூடிய, தொழிற்சாலைகளுக்கான ரகத்தை வாங்க வேண்டும். இந்தக் கருவி காற்றின் சூட்டைக் காட்டாது, படுகின்ற பரப்பின் சூட்டைத்தான் காட்டும். சுவாலை எரியும்போது பிடித்தால் பிழையான இலக்கம் வரும். பளபளக்கும் தகரத் தட்டில் பிடித்தாலும் பிழைதான். ‘12க்கு 1’ என்று எழுதியிருந்தால், 12 அடி தூரத்திலிருந்து பிடிக்கும்போது அது ஓர் அடி அகலமான வட்டத்தின் சராசரியைச் சொல்கின்றது என்று அர்த்தம். ஆகவே கிட்டப் போய்ப் பிடிக்க வேண்டும். சிவப்புப் புள்ளி காட்டும் இடம் மட்டும்தான் அளக்கப்படுகின்றது என்று நினைக்கக் கூடாது.

புகைபோக்கிக்கு ‘கே’ ரக உணர்கம்பி நல்லது. இருவகை உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்த இது 1,000 பாகைக்கு மேலும் தாங்கும். கம்பி உள்ளேயும் இலக்கம் காட்டும் பெட்டி வெளியேயும் இருக்கும். மேசன் பாஸைக் கொண்டு சிறிய துளை போட்டுச் செருகினால் போதும். கதவில் பொருத்தும் முள் வெப்பமானி மலிவானது. ஆனால் மெதுவாக அசையும், கதவைத் திறந்தால் விழுந்துவிடும்.

கருவி வாங்க வசதியில்லாதவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. நெருப்பு மூட்டியவுடன் கூரைச் செங்கல் புகைக்கரியால் கறுக்கும். செங்கல்லின் சூடு ஏறத்தாழ 350 பாகையை அடையும்போது அந்தக் கரி எரிந்து, செங்கல் மறுபடியும் வெளுக்கும். கூரை முழுவதும் வெளுத்தால் போறணை சூட்டைக் குடித்துவிட்டது என்று பொருள்.

சூடு இறங்கும் வரிசையில் வியாபாரம்

செங்கல் போறணை காஸ் போறணையைப் போலன்று. அதன் சூடு செங்கல்லில் சேமித்து வைத்த சூடு, முதல் போட்டு வைத்த காசு மாதிரி. எடுக்க எடுக்கக் குறைந்துகொண்டே போகும். தணலை வாரி எடுத்து, தரையை ஈரச் சாக்கினால் துடைத்தவுடன் பாணை ஏற்றக் கூடாது. அந்த நேரத்தில் ஓரிடம் 300, இன்னோரிடம் 200 என்று இருக்கும். கதவை மூடி அரை மணித்தியாலம் விட்டால் சூடு சமமாகும். என் முதல் இரண்டு வாரப் பாண் வெளியே கருகி உள்ளே களியானதற்குக் காரணம் இந்த அரை மணித்தியாலத்தை நான் கொடுக்காததுதான். சாக்கில் தண்ணீர் சொட்டவும் கூடாது, சூடான செங்கல் வெடிக்கும்.

தரை 220 முதல் 230 பாகைக்கு வந்ததும் அச்சுப் பாண் ஏற்றலாம். பாணின் நடுப்பகுதி 95 பாகையளவை அடைந்தால் வெந்துவிட்டது. மெல்லிய கம்பி வெப்பமானியை ஒரு பாணில் குத்திப் பார்த்தால் சந்தேகம் தீரும். சூடு 200க்கு இறங்கும்போது பணிஸ், 170 அளவில் கேக், அதற்கும் கீழே இறங்கிய பின் ரஸ்க் காய வைக்கலாம். ஒரு தடவை எரித்த விறகுக்கு நான்கு வகைச் சரக்கு. முன்பெல்லாம் எனது போறணையில் பாண் மட்டும் சுட்டுவிட்டு மிச்சச் சூட்டை இரவில் ஆறவிட்டேன். அந்த மிச்சச் சூடுதான் இப்போது ரஸ்க்கின் இலாபம்.

நிறை விடயத்திலும் சூடு கைவைக்கின்றது. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேகும்போது மாவின் நிறையில் 10 முதல் 12 வீதம் வரை ஆவியாகப் போகும். ஆகவே 512 கிராம் மா உருண்டை வைத்தால் கணக்குச் சரியாக வரும். ஆனால் சூடு குறைந்த போறணையில் அதிக நேரம் கிடந்தால் பாண் மேலும் காய்ந்து, உருண்டை சரியாக இருந்தும் பாண் நிறை குறைந்துவிடும். சோதனைக்கு வருபவரிடம் “போறணை சூடு போதவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. வாடிக்கையாளரின் உரிமையிலும் நாம் குறை வைத்தவர்களாகின்றோம்.

செய்ய வேண்டியவை

புகைபோக்கியைக் காலத்துக்குக் காலம் திறந்து பார்த்துச் சுரண்டுங்கள். பளபளப்பான கறுப்புத் தார் கண்ணில் பட்டால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதாது என்று அர்த்தம். மூட்டும்போதே சிறு விறகால் பெரிய சுவாலை எழுப்பிப் புகைபோக்கியைச் சூடாக்குங்கள். இரவில் காற்றை அடைத்துப் புகைய விடாதீர்கள். தணலை மூடி உள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் கதவையும் துவாரத்தையும் மூடி, ஆட்களை வெளியேற்றி, 110க்கு அழையுங்கள். சூடேறிய புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவி சீறிவந்து ஆளைச் சுடும், செங்கல்லும் பிளக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கொப்பி வையுங்கள். திகதி, விறகின் நிறை, ஈரம், மூட்டிய நேரம், தணல் வாரிய நேரம், பாண் ஏற்றும்போது தரையின் சூடு, எத்தனை பாண், எத்தனை பழுது. எட்டு வரிசை போதும். ஒரு மாதம் எழுதினால் உங்களுடைய போறணையின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே விறகு, ஒரே நேரம், ஆனால் தரை 20 பாகை குறைவு என்றால், எங்கோ செங்கல் வெடித்திருக்கின்றது அல்லது விறகு மாறியிருக்கின்றது என்று கொப்பியே சொல்லும்.

இப்போது காஸ் கிடைக்கின்றது. ஆனாலும் செங்கல் போறணையை நான் மறுபடியும் அணைக்கவில்லை. சென்ற வருடம் ஒரு நாள் நானாவை முச்சக்கர வண்டியில் கூட்டி வந்தேன். அவர் வழக்கம்போல் மா தூவி எண்ணினார். “இப்ப ஏத்து” என்றார். நான் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன். 226 பாகை. மறுபடியும் மறுநாள் செய்தோம். 223. அவர் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நல்ல சாமான்தான். நான் எண்ணினத யாருக்கும் சொல்லிக் குடுக்கத் தெரியல்ல. இது சொல்லிக் குடுக்குது” என்றார்.

கையில் காயம்பட்ட அந்தத் தம்பிதான் இன்று எமது போறணையைப் பார்த்துக்கொள்கின்றார். கொப்பியும் அவரிடம்தான் இருக்கின்றது.